கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், தூதர் படம் எடுக்கிறார்

பண்பாட்டுத் தூதர் என்று ஒரு மனித வகை உண்டு. அரசாங்கத் தூதரோடு இவரைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அரசாங்கத் தூதருக்குக் கொடி கட்டிய கார் உண்டு, வாசலில் காவலாள் உண்டு, எதைக் கேட்டாலும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குச் சம்பளமும் உண்டு. பண்பாட்டுத் தூதரிடம் இருப்பதெல்லாம் ஒரு பெட்டி காகித விசிறி, ஒரு கட்டுத் தூரிகை, உடைந்தது போக மிஞ்சிய தேநீர்க் கோப்பைகள், மடித்து மடித்து மடிப்பில் வெளுத்துப்போன ஒரு சிவப்புத் துணிப் பதாகை. இவற்றை வைத்துக்கொண்டு, தன்னை எந்த ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்களோ அந்த ஊர் ஜனங்களைத் தன் நாட்டின் மேல் ஆசைப்பட வைக்க வேண்டும். மிரட்டக் கூடாது. காசு கொடுத்து வாங்கியது போலவும் தெரியக் கூடாது. மாவு பிசைந்தும், எழுத்து வரைந்தும், காற்றில் மெல்லக் கையை வீசியும் மனசைப் பிடிக்க வேண்டும். பூப்போன்ற வேலை. ஆனால் பூப்போலச் செய்தால் மேலிடத்துக்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் பதாகை.

இந்த வகை எல்லா நாட்டிலும் விளைகிறது. ஒரு நாட்டுக்காரர் பாலாடைக்கட்டியும் பழைய சினிமாவும் கொண்டு வருவார். இன்னொருவர் யோகாசனப் பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். நான் குடியேறிய பசிபிக் கடல் சமோவாத் தீவின் அபியா நகரத்துக்கு வாய்த்தவர் சீனத்திலிருந்து வந்த ஃபெங் ஷுலின். பனிக்காலத்தில் மூக்குநுனி மரத்துப்போகும் வடகிழக்கு நகரம் ஒன்றின் கல்லூரியில் மொழித்துறையில் இருந்தவர். டயர் கடையின் மாடியில் இரண்டு அறை எடுத்து, சீன மொழி, பண்பாட்டு நிலையம் என்று பலகை மாட்டி, அதற்குத் தலைவராக உட்கார்ந்தவர். இந்த வெயிலிலும் தோல் ஷூவைக் கழற்றாதவர். வியர்வை கண்ணில் இறங்கும்போதும் சிரிப்பைக் கலைக்காதவர். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட மனிதராக இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது.

தூதரை அடையாளம் காண்பது சுலபம். அவர் எந்த வீட்டுக்குப் போனாலும் கொடுக்கத்தான் போவார். எடுத்துக்கொள்வதற்கு அங்கே ஏதாவது இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. ஃபெங் தம் முதல் வருஷத்திலேயே கொழுக்கட்டை விழா நடத்தினார். கொழுக்கட்டை என்றால் நம்முடையது அல்ல; உள்ளே இறைச்சியும் முட்டைக்கோசும் வைத்துப் பிறை போல மடித்து வேகவைப்பது. தேவாலயப் பாடகர் குழுவின் அம்மாமார்களை உட்கார வைத்து, விரலை எப்படி வளைக்க வேண்டும், மடிப்பு எப்படி விழ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அம்மாமார்கள் கேட்டார்கள், மடித்தார்கள், தின்றார்கள், இன்னும் கேட்டார்கள். பாடகர் குழுவின் தலைவி ஃபெது அம்மா மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு தலைவரே. மேல கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊத்திக்கலாமா?"

ஃபெங் சிரித்தார். உள்ளே என்னவோ கீறியது.

அந்த விழா நடந்த கொட்டகைக்கு நேர் எதிரே, பன்றி இறைச்சி வைத்து ஆவியில் வேகவைத்த ரொட்டி உருண்டைகளைக் கூடை கூடையாக விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊரில் பிறந்த குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும் கொடுப்பது அதைத்தான். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் கண்ணாடி நூல் போன்ற சேமியாவை சோயாச் சாறும் இஞ்சியும் போட்டுப் பிரட்டி வைப்பார்கள். சபாசுயி என்று பெயர். அது இல்லாத கல்யாணம் இங்கே செல்லாது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது? ஜெர்மன்காரன் இந்தத் தீவை ஆண்ட காலத்திலும் அதற்குப் பிறகும் கொப்பரைத் தோட்டங்களில் கூலி வேலைக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டார்களே தென்சீனத்து ஆட்கள், அவர்கள் கொண்டுவந்தது. நிலையம் இல்லை, பதாகை இல்லை, மடிப்பு எப்படி விழ வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. பசித்தது, சமைத்தார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். ஃபெங் அந்தச் சேமியாவை வாரா வாரம் மூக்கு முட்டத் தின்றார். தம் கல்லூரிச் செய்தி இதழுக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். "தீவுவாசிகளின் தொன்மையான உணவு. நம் நாட்டுச் சுவைக்கு வியப்பூட்டும் வகையில் நெருக்கமாக உள்ளது."

வியப்பாம்!

நிலையத்துக்கு முதல் மாணவராக வந்து சேர்ந்தவர் லௌதாசி ஆ ஹிங். அபியாவுக்கு மேற்கே கடலோரக் கிராமம் ஒன்றின் பேச்சுத் தலைவர். எங்கள் ஊர்களில் பட்டம் உள்ள பெரியவர் ஒருவர் இருப்பார், அவருக்காகப் பேசுகிறவர் ஒருவர் இருப்பார். பேசுகிறவர்தான் ஊருக்கு வாய். கையில் கோலும், தோளில் தேங்காய் நாரில் செய்த ஈ விரட்டியுமாக லௌதாசி எழுந்து நின்று பேச ஆரம்பித்தால் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துப் போகும். ஆனாலும் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். அவருடைய கொள்ளுத்தாத்தா ஆ ஹிங் கொப்பரைக் கூலியாக வந்தவர். நான்கு தலைமுறை கழிந்தும் அந்த முகம் மட்டும் இவரிடம் ஒரு கோடு மாறாமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. கண், கன்னம், நெற்றி எல்லாம் கொள்ளுத்தாத்தா. குரலும் தொடையும் சமோவா.

முதல் நாள் வகுப்பில் லௌதாசி பெருமையாகச் சொன்னார்.

"எங்க வீட்ல இன்னும் ஒரு வார்த்தை மிச்சம் இருக்கு தலைவரே. சாப்பிடக் கூப்பிடறப்ப அதைத்தான் சொல்லுவோம்." சொல்லியும் காட்டினார்.

ஃபெங் மென்மையாகத் தலையை ஆட்டினார். "அது தென்கோடியில பேசுற கொச்சைங்க. சரியான சீனம் இல்ல. நான் சொல்லித் தர்றேன்."

"அப்படியா? பாவம், எங்க கொள்ளுத்தாத்தா சாகுற வரைக்கும் தப்பாவே சாப்பிட்டிருக்கார்."

வகுப்பே சிரித்தது. ஃபெங்கும் சிரித்தார். அவரோடு வந்த ஆசிரியை லு யாசின் மட்டும் சிரிக்காமல் கரும்பலகையைத் துடைத்தாள். லு முப்பது கடந்தவள், வாய் குறைவு, கண் அதிகம். ஃபெங் அவளை "சின்ன லு" என்று கூப்பிடுவார். அவளுக்கு அது பிடிக்காது என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது படத்துக்கு வருவோம். தூதருக்கு விழா என்பது படம் எடுப்பதற்கு முன்னால் நடக்கிற தொந்தரவு. ஆட்டமும் பாட்டமும் சாப்பாடும் எல்லாரும் செய்வதுதான். அவை காற்றோடு போகும். பதாகைக்குக் கீழே வரிசையாக நிற்கும் படம்தான் ஊருக்குப் போகும், இதழில் வரும், மேலிடத்தின் மேஜையில் கிடக்கும். அந்தப் படத்துக்கு ஒரு சாத்திரம் உண்டு. முன்வரிசையில் நாற்காலி. நடு நாற்காலி மேலிடத்துக்கு. அவருக்கு இடப்பக்கம் அடுத்த பெரியவர், வலப்பக்கம் அதற்கடுத்தவர், இப்படியே இருபுறமும் மதிப்பு இறங்கிக்கொண்டே போக வேண்டும். இரட்டைப்படையில் பெரியவர்கள் வந்துவிட்டால் நடு எது என்று தெரியாமல் ஃபெங்குக்கு ஜுரமே வந்துவிடும். இது எல்லாருக்கும் உள்ள சாத்திரம். ஃபெங் தம் பங்குக்கு ஒன்று சேர்த்திருந்தார். ஒரு நம்மவர், ஒரு உள்ளூர்க்காரர், ஒரு நம்மவர், ஒரு உள்ளூர்க்காரர். பூக்காரி மல்லியும் கனகாம்பரமும் மாற்றி மாற்றித் தொடுப்பாளே, அந்த மாதிரி. "பார்த்த உடனே நட்பு தெரியணும் சின்ன லு. படிச்சுப் பார்த்துப் புரிஞ்சா அது நட்பு இல்ல, அறிக்கை" என்பார்.

இப்படியே ஐந்து வருஷம் தொடுத்தார். அந்த நேரத்தில்தான் செயலாளர் குவாங் வருகிறார் என்று செய்தி வந்தது.

செயலாளர் குவாங் ஃபெங்கின் கல்லூரிக்கு எல்லாம் ஆனவர். யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது, யாரை மறந்துவிடுவது என்பதெல்லாம் அவர் கையில். தீவு தீவாக ஒரு சுற்று வருகிறார். அபியாவில் ஒரு காலைப்பொழுது இருப்பார். சீனத்தில், அந்தக் கல்லூரியில் மொழித்துறைத் தலைவரின் நாற்காலி இலையுதிர் காலத்தில் காலியாகிறது. ஃபெங் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வீடு திரும்பலாம், மூக்குநுனி மரத்துப்போகலாம், புளித்த முட்டைக்கோசுக் குழம்பின் முன்னால் உட்கார்ந்து மனைவியோடு சண்டை போடலாம். அவர் ஐந்து வருஷமாக ஏங்கியது அதற்குத்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போனில் மனைவி தெளிவாகச் சொன்னாள்.

"இந்தத் தடவையும் வரலைன்னா நீங்க அங்கேயே ஒரு தென்னந்தோப்பு வாங்கிக்கோங்க. நான் பாட்டுக்கு இங்க ஒரு நாய் வாங்கிக்கிறேன்."

"வந்துடுவேன். ஒரு படம்தான் பாக்கி."

"எந்தப் படம்?"

"செயலாளர் நடுவுல இருக்கிற படம்."

அந்தப் படம் கூட்டத்தோடு இருக்க வேண்டும். டயர் கடை மாடியில் கூட்டம் கொள்ளாது. ஃபெங் லௌதாசியிடம் போனார்.

"ஆள் எவ்வளவு வேணும்?" என்று லௌதாசி கேட்டார்.

"எவ்வளவு முடியுமோ."

"முடியுமோன்னா? ஊரே வரும். பாடகர் குழு வரும். பன்றி போடுவோம். எங்க புல்வெளியில வச்சுக்கலாம். வேற?"

ஃபெங் தயங்கினார். "செயலாளருக்கு அன்னைக்கே விமானம். உங்க வரவேற்புப் பேச்சு… கொஞ்சம் சுருக்கமா…"

ஒரு பேச்சுத் தலைவரைச் சுருக்கமாகப் பேசச் சொல்வது, நாதஸ்வரக்காரரைப் பாதி மூச்சில் ஊதச் சொல்வது மாதிரி. லௌதாசி கையிலிருந்த கோலைக் கீழே வைத்தார். பிறகு தோளைத் தட்டினார். "உங்களுக்காகத்தான் தலைவரே. வேற எவன் கேட்டிருந்தாலும் மதியம் வரைக்கும் பேசியிருப்பேன்."

அன்று காலை எல்லாம் சொல்லி வைத்ததுபோல் நடந்தது. கடல் அமைதி. பலாமரம் போல விரிந்த ஈரப்பலா மரத்தடியில் பாய். பாடகர் குழு வெள்ளை உடுத்தி, லு சொல்லிக் கொடுத்த சீனப் பாட்டை நான்கு குரலில் பிரித்துப் பாடியது. சீனத்தில் அந்தப் பாட்டுக்கு இவ்வளவு அழகு இருந்ததில்லை என்று லு நினைத்தாள். லௌதாசி எழுந்தார், கோலை ஊன்றினார், பேசினார், நிஜமாகவே சுருக்கமாக முடித்தார். ஊர் ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், உடம்பு சரியில்லையோ என்று. செயலாளர் குவாங் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியபடி கைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் அபியா கடைத்தெருவின் சீன வியாபாரிகள் சிலர் பன்றிக்காகக் காத்திருந்தார்கள். விழாவுக்குக் குளிர்பானம் அவர்கள் செலவு.

பிறகு படம். பதாகை ஏறியது. நாற்காலிகள் இறங்கின. பின்னால் பலகைகள் போட்டுப் பாடகர் குழு படிப்படியாக ஏறி நின்றது. குவாங் நடு நாற்காலியில். ஊருக்கு வாய் ஆனவர் லௌதாசி, அவருக்குப் பக்கத்து நாற்காலியில். ஃபெங் கேமராவுக்குப் பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

பகீரென்றது.

நடுவில் குவாங்கின் முகம். பக்கத்தில் லௌதாசியின் முகம். அதற்குப் பக்கத்தில் குவாங்கோடு வந்த அதிகாரியின் முகம். நம்மவர், நம்மவர், நம்மவர்! மல்லி மல்லியாகவே போய்விட்டது. ஐந்து வருஷமாக நேரில் பார்த்த முகம்தான். ஆனால் அவர் அதை தம் சொந்த நாட்டு ஊர்க்காரர்கள் பார்க்கும் கண்ணால் இப்போதுதான் பார்த்தார். இதழைப் புரட்டுகிறவன் என்ன சொல்வான்? வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, இவன் நம் ஆள்தானே, உள்ளூர்க்காரன் கிடைக்காமல் வேஷம் போட்டு உட்கார வைத்துவிட்டான் ஃபெங் என்பான். துறைத் தலைவர் நாற்காலி அவர் கண்முன்னே ஆடியது.

"சின்ன லு, லௌதாசியை ஓரமா மாத்தணும்."

லு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

"படத்துல சரியா வரல. முகம்."

"தலைவரே, வேண்டாம். இது அவரோட ஊரு. அவர் பேரைச் சொல்லித்தான் இத்தனை பேரும் நிக்கிறாங்க."

"ஒரு நிமிஷ வேலை. அவர் நல்ல மனுஷர், தப்பா எடுத்துக்க மாட்டார்."

கவனித்தீர்களா? நல்ல மனிதர் என்று நாம் ஒருவரைச் சொல்வது எப்போது? அவரை நகர்த்த வேண்டியிருக்கும்போது.

ஃபெங் சிரித்த முகத்தோடு போய்க் குனிந்தார். "லௌதாசி, ஒரு சின்ன உதவி. படத்துக்காகத்தான். கொஞ்சம் தள்ளி நின்னுக்கறீங்களா? உங்க இடத்துல வேற ஒருத்தரை உட்கார வைக்கிறேன்."

"ஏன் தலைவரே, நான் பெருசா இருக்கேனா?"

"ஐயோ, அது இல்ல. நீங்க… பார்க்க எங்க ஆளு மாதிரி இருக்கீங்க. படத்துல உள்ளூர்க்காரங்க தெரியணும் பாருங்க."

லௌதாசி குவாங்கைப் பார்த்தார், பதாகையைப் பார்த்தார், ஃபெங்கின் தோல் ஷூவைப் பார்த்தார். அவருடைய காது மட்டும் சிவந்தது.

"அப்படியா சங்கதி" என்றார். "அதுக்கென்ன, தள்ளிக்கறேன்."

எழுந்தார். கோலை எடுத்தார். ஈ விரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய், ஈரப்பலா மரத்தடிப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேறொன்றும் செய்யவில்லை.

அவர் தரையில் உட்கார்ந்ததும் பலகையில் மேல்வரிசை இறங்கியது. பிறகு நடு வரிசை. பிறகு கீழ்வரிசை. கிழவர்கள், பிள்ளைக்காரிகள், பன்றி சுட்டுக்கொண்டிருந்த ஆட்கள் உட்பட ஊர் முழுக்க மரத்தடிக்குப் போய் லௌதாசிக்குப் பின்னால் உட்கார்ந்தது. சத்தமில்லை, முணுமுணுப்பில்லை. பதாகைக்குக் கீழே செயலாளர் குவாங்கும் அவரோடு வந்தவர்களும் மட்டும், இடையிடையே காலி நாற்காலிகளோடு மிஞ்சினார்கள்.

ஃபெங் ஓடினார். "ஃபெது அம்மா, என்ன இது? எழுந்திரிங்க, எழுந்திரிங்க, ஒரே ஒரு படம்!"

"எப்படி எழுந்திருக்கறது தலைவரே?" ஃபெது அம்மா நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "எங்க வாயே தரையில உட்கார்ந்திருக்கு. நாங்க பலகை மேல ஏறி நின்னா அவர் தலைக்கு மேல எங்க காலு வருமே. அசிங்கம் இல்லையா?"

"அவரையும் எழுந்திரிக்கச் சொல்லுங்க!"

"அவரைத் தள்ளிப் போகச் சொன்னது நீங்கதானே?"

ஃபெங் லௌதாசியைப் பார்த்தார். லௌதாசி மரியாதையாகத் தலையசைத்தார். அந்த மரியாதையில் ஊசி நுழைய இடமில்லை.

"ஃபெங், எல்லாரும் ஏன் உட்கார்ந்துட்டாங்க?" என்று குவாங்கின் குரல் வந்தது.

"ஓய்வு எடுக்கறாங்க செயலாளர் அவர்களே! இங்க இது வழக்கம்!"

"எனக்கு விமானம் இருக்கு."

தூதரின் மூளை நெருக்கடியில் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஃபெங்கின் கண் புல்வெளியைச் சுற்றி வந்து ஓரத்தில் நின்ற சீன வியாபாரிகள் மேல் விழுந்தது. எல்லாரும் அபியாவில் எல்லாரும் போடுகிற பூப்போட்ட சட்டை போட்டிருந்தார்கள். வெயிலில் கறுத்திருந்தார்கள். அது போதும். மிஞ்சியிருந்த சிவப்பு விதை மாலைகளை அள்ளிக்கொண்டு போய் ஒவ்வொருவர் கழுத்திலும் மாட்டினார். செருப்பும் டார்ச்சும் பிளாஸ்டிக் வாளியும் விற்கும் சூ மெய்ஃபாவின் காதில் செம்பருத்தி ஒன்றைச் செருகினார்.

"என்ன தலைவரே, எனக்குக் கல்யாணமா?"

"பேசாதீங்க. தயவுசெஞ்சு பேசாம உட்காருங்க."

முகத்தில் உள்ளூர்க்காரராகத் தெரியவில்லை என்று ஒருவரை எழுப்பிய இடத்தில், ஃபுஜியன் மாகாணத்திலிருந்து வந்த மெய்ஃபா அம்மாள் உட்கார்ந்தாள். பின்னால் மற்றவர்கள். ஒரு நம்மவர், ஒரு நம்மவர், ஒரு நம்மவர், ஒரு நம்மவர். லு கேமராவை அழுத்தினாள். அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

மெய்ஃபாவைப் பேசாதே என்றார் சரி, குவாங்கை யார் பேசாதே என்பது? அவர் எழுந்திருக்கும்போது மரியாதைக்காக மெய்ஃபாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சீனம் புரிஞ்சுக்குவீங்களா?"

"புரியாம என்ன, நல்லாவே புரியும்."

"அடடே! எவ்வளவு நாளா படிக்கிறீங்க?"

"பொறந்ததுலேருந்து."

குவாங் சிரி சிரியென்று சிரித்தார். "நகைச்சுவைகூட வருது பாருங்க! உச்சரிப்புல கொஞ்சம் தென்னாட்டு வாடை அடிக்குது, அதை மட்டும் சரி பண்ணிடுங்க ஃபெங்."

அவருக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவருக்கும் மேலே ஒரு மேலிடம் உண்டு, அந்த மேஜைக்கும் ஒரு படம் வேண்டும். தெரிந்துகொண்டால் அந்தப் படம் கெட்டுவிடும். ஆகவே தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்துக் கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. படம் இதழின் அட்டையிலேயே வந்துவிட்டதாம். சுற்றுப்பயணத்தில் பார்த்த தீவுகளிலேயே அபியாவில்தான் உள்ளூர் மக்கள் இவ்வளவு சரளமாகப் பேசுகிறார்கள் என்று செயலாளர் கூட்டத்தில் சொன்னாராம். இப்படி வேலை செய்கிற ஒருவரை நடுவில் பிடுங்கி எடுப்பது பண்பாட்டுக்கே துரோகம் என்றாராம். ஆகவே ஃபெங்குக்கு இன்னும் மூன்று வருஷம். மனமார்ந்த பாராட்டுகள். துறைத் தலைவர் நாற்காலியா? அதில், ஊரைவிட்டு ஒரு நாளும் வெளியே போகாத ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

ஃபெங் டயர் கடையின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். பாவமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மனைவிக்குப் போன் போட்டார். மறுமுனையில் நாய் குரைத்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை லௌதாசி வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டார். ஆ ஹிங் வம்சம் நியூசிலாந்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் திரண்டு வந்திருந்தது. ஃபெங் போக மாட்டேன் என்றார். "போகலைன்னா அது இன்னும் அசிங்கம்" என்று லு இழுத்துக்கொண்டு போனாள். பந்தியில் யாரும் அந்தப் படப் பேச்சை எடுக்கவில்லை. தட்டில் சபாசுயி மலையாக விழுந்தது. ஃபெங் தலை நிமிராமல் தின்றார்.

சாப்பாடு முடிந்ததும் குடும்பப் படம். வாசல் புல்வெளியில் கிழவரிலிருந்து கைக்குழந்தை வரை வரிசை வரிசையாக நின்றார்கள். நாற்காலி இல்லை, சாத்திரம் இல்லை. யார் தோளில் இடம் இருந்ததோ அங்கே ஒரு பிள்ளை ஏறியிருந்தது. நடுவில் மட்டும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஃபெங் ஒதுங்கி, காரின் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்தப் பாடத்தை அவர் படித்துவிட்டார்.

"தலைவரே, அங்க என்ன பண்றீங்க? நடுவுல வாங்க" என்றார் லௌதாசி.

"நானா? இது உங்க குடும்பப் படம்…"

"எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு படம்கூட இல்ல. கூலிக்காரனை எவன் படம் எடுத்தான்? எல்லாரும் வந்திருக்காங்க, அவர் மட்டும் இல்ல. அவர் இடத்துல நீங்க நில்லுங்க."

ஃபெங் காரைவிட்டு நகரவில்லை.

"அன்னைக்கு உங்களுக்கு இந்த முகம் அதிகமாப் போச்சு. இன்னைக்கு எங்களுக்குக் குறையுது. வாங்க, சும்மா வாங்க."

ஃபெங் போனார். நடுவில் நின்றார். யாரோ ஒரு குழந்தை அவர் விரலைப் பிடித்தது. ஃபெது அம்மா அவர் கழுத்தில் மாலை போட்டாள். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, அவர் ஏற்பாடு செய்யாத ஓர் இடத்தில் அவர் நின்றார். மேற்கே மழை திரண்டு வந்துகொண்டிருந்தது. கேமரா வைத்திருந்த லௌதாசியின் மருமகன், "சீக்கிரம், சீக்கிரம், எல்லாரும் இங்க பாருங்க!" என்றான். ஃபெங்கின் கண் நிறைந்தது. தாம் இத்தனை நாளாகப் படம் பிடிக்கப் பார்த்தது இதைத்தான் என்று அவருக்குத் தோன்றியது. இதல்லவா நட்பு! இதல்லவா வேர்! இது மட்டும் மேலிடத்துக்குப் போனால்!

"ஒரு நிமிஷம்" என்றார். "ஒரே ஒரு நிமிஷம். யாரும் நகராதீங்க."

பதாகை கார் டிக்கியில் இருந்தது.

அவர் அதைப் பிரித்துக்கொண்டு ஓடி வருவதற்குள் மழை கொட்டிவிட்டது. மருமகன் கிடைத்தவரைக்கும் அழுத்திவிட்டு உள்ளே ஓடினான். அந்தப் படம் இப்போதும் லௌதாசி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆ ஹிங் வம்சம் முழுவதும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஓர் ஆள் அளவுக்குக் காலி இடம். ஒரு குழந்தை மட்டும் அந்தக் காலி இடத்தை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது. படத்தின் ஓரத்தில், காருக்குப் பின்னால், ஒரு முதுகும் பாதி பிரிந்த சிவப்புத் துணியும் தெரிகின்றன. ஆ ஹிங்குக்குப் படத்தில் இடம் கிடைக்காமல் போவது பழக்கம்தான்.

ஃபெங்கை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போகிற போக்கில் ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். போன பொங்கலுக்கு உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில், வெள்ளைக்கார மேயரை நடுவில் நிறுத்தி, பட்டுப்புடவைகளை இருபுறமும் மாற்றி மாற்றி நிறுத்தி ஒரு படம் எடுத்தீர்களே, அதில் நாலு தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவரின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி, தமிழ் வராமல் வெறுமனே சிரித்துக்கொண்டு, ஆசையாக முன்வரிசைக்கு வந்தாளே. அவளிடம் நீங்கள் ரொம்ப மரியாதையாக ஏதோ சொன்னீர்கள். என்ன சொன்னீர்கள்?